மெனோபாஸ் வயசுல ஹார்ட்டுக்கு தெம்பே: வீட்லயே போடுறதும் சாப்பிடுறதும்

பீரியட்ஸ் நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்த ப்ளட் டெஸ்ட்ல என் எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், 4.0ன்னு வந்துச்சு. இங்க சிங்கப்பூர் ரிப்போர்ட்ல அப்படித்தான் போடுவாங்க, நம்ம ஊர் கணக்குல அது 155 பக்கம். அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா 120ஐ தாண்டினதே இல்ல. சாப்பாடு மாறல, வெயிட் ஒரு ரெண்டு கிலோ கூடியிருக்கும், அவ்ளோதான், அப்புறம் எப்படி இப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டா, அவங்க சாதாரணமா, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போயிடுச்சில்ல, அது இருந்தவரைக்கும் உங்க ரத்தக்குழாயை அது பாத்துக்கிச்சு, இனிமே நீங்கதான் பாத்துக்கணும்னாங்க.

நம்ம இந்தியப் பெண்களுக்கு 46, 47லயே நின்னுடுது, மத்த நாடுகள்ல 51 சொல்றாங்க. அதாவது அந்தப் பாதுகாப்பு நமக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே போயிடுது. நின்ன பிறகு எல்டிஎல் ஏறும், பிபி மெல்ல ஏறும், ரத்தக்குழாய் விறைப்பாகும், இடுப்புல போட வேண்டிய கொழுப்பு வயித்துல போய் உக்காரும். உடம்பு திடீர்னு கொதிக்கிறதையும் தூக்கம் வராததையும் பத்தி மணிக்கணக்கா பேசுறோம், இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, ஏன்னா இது வெளியே தெரியாது.

சரி, சோயாவுக்கு வருவோம், தலைப்புல சொன்ன தெம்பே புளிக்க வெச்ச சோயாதான். "சோயா சாப்பிடுங்க, ஹார்ட்டுக்கு நல்லது"ன்னு வாட்ஸப்ல வரும், அடுத்த நாளே "சோயா சாப்பிட்டா கேன்சர்"னு இன்னொண்ணு வரும். ரெண்டையும் விட்டுடுங்க. சோயால ஐசோஃப்ளேவோன்னு ஒரு பொருள் இருக்கு, ஜெனிஸ்டீன், டைட்சீன்னு பேரு. இதை ஈஸ்ட்ரோஜனுக்கு ஒன்னு விட்ட தங்கச்சின்னு வெச்சுக்கோங்க, சாயல் இருக்கும், பலம் ரொம்பக் கம்மி. சாதா சோயால இது சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், புளிக்க வைக்கும்போது அந்தச் சர்க்கரை கழண்டுடும், அதனால உடம்பு இழுத்துக்க சுலபம். இன்னொரு விஷயம், நம்ம குடல்ல இருக்கிற சில பாக்டீரியா டைட்சீனை ஈக்வால்னு ஒண்ணா மாத்தும், அதுக்குத்தான் வேலை ஜாஸ்தின்னு சொல்றாங்க, ஆனா எல்லார் குடலும் அதைச் செய்யாது. ஜப்பான்ல பாதிப் பேருக்கு இருக்கு, மேற்கத்திய நாடுகள்ல கால்வாசி, மிஞ்சினா மூணுல ஒரு பங்கு. அதனால பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்து வந்தது நமக்கும் அப்படியே வரணும்னு இல்ல.

எவ்ளோ குறையும்னு நேரா கேட்டீங்கன்னா, கொஞ்சம்தான். 1995ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்துச்சு, எல்டிஎல் கிட்டத்தட்ட 13 சதவீதம் குறையுதுன்னு, எல்லாரும் குதிச்சாங்க. 1999ல அமெரிக்காவுல எஃப்டிஏ, அதாவது உணவு, மருந்தைக் கண்காணிக்கிற துறை, தினம் 25 கிராம் சோயா புரோட்டீன் ஹார்ட்டுக்கு நல்லதுன்னு பாக்கெட்ல போட்டுக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்க. அப்புறம் நிறைய ஆய்வு வந்து அந்த 13 சதவீதம் வெறும் 3 சதவீதம் பக்கம் இறங்கிடுச்சு, 2017ல அந்த அனுமதியை வாபஸ் வாங்கலாமான்னு அவங்களே கிளம்பினாங்க. ஆக சோயா ஒரு மாத்திரை இல்ல. ஸ்டேட்டின்னு கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறவங்க அதை நிறுத்திட்டு இதுக்கு வந்தா அது முட்டாள்தனம்.

அப்ப ஏன் சாப்பிடணும்? 2020ல ஜப்பான்ல 45லேருந்து 74 வயசு வரைக்கும் 92,915 பேரை சராசரியா 15 வருஷம் கவனிச்ச ஆய்வு ஒண்ணு வந்துச்சு. அதுல மொத்த சோயாவை எவ்ளோ சாப்பிட்டாங்கங்கறதுல பெரிசா வித்தியாசம் தெரியல, ஆனா புளிக்க வெச்ச சோயாவை, அதாவது நாட்டோ (கொழகொழன்னு புளிச்ச முழு சோயா), மிசோ (உப்பு போட்டுப் புளிக்க வெச்ச சோயா விழுது), இதை அதிகமா சாப்பிட்டவங்களுக்கு சாவு எண்ணிக்கை 10 சதவீதம் கம்மியா இருந்துச்சு. நாட்டோ அதிகம் சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட், ரத்தக்குழாய் சம்பந்தமான சாவும் கம்மி. இது சும்மா கவனிச்சுப் பாத்த ஆய்வுதான், நாட்டோ சாப்பிடுறவங்க வேற காய்கறியும் ஜாஸ்தி சாப்பிட்டிருக்கலாம், நிரூபணம்னு சொல்ல முடியாது. என் கணக்கு வேற. நம்ம தட்டுல சோறு மலையா இருக்கும், புரோட்டீன் ஒரு கரண்டி சாம்பார்ல நீந்தும். அந்த இடத்துல 100 கிராம் தெம்பே வந்தா 19 கிராம் புரோட்டீன், நல்ல நார்ச்சத்து, கொலஸ்ட்ரால் பூஜ்யம். மட்டன், பஜ்ஜி, ரெண்டாவது தட்டு சோறு, இதுல ஏதாவது ஒண்ணை அது வெளிய தள்ளுதே, லாபமே அங்கதான்.

இப்ப எந்தப் புளிச்ச சோயா? இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. சோயா சாஸும் புளிக்க வெச்ச சோயாதான், ஆனா ஒரு டேபிள்ஸ்பூன்ல 900 மில்லிகிராம் சோடியம் இருக்கு, உப்பா கணக்குப் பண்ணா ரெண்டு கிராமுக்கு மேல. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ள இருங்கன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. மிசோ சூப் ஒரு கிண்ணம் குடிச்சா ஒண்ணு, ஒன்னரை கிராம் உப்பு உள்ள போகும். கொரியாக்காரங்க புளிச்ச விழுது டென்ஜாங், கோச்சுஜாங் எல்லாம் அதே கதை. ஏற்கனவே ஊறுகா, அப்பளம், கருவாடுன்னு இருக்கிற நமக்கு இது மேல இது வேண்டாம், பிபி ஏறுற வயசு. மீல்மேக்கர் புளிக்க வெச்சதே இல்ல, அது எண்ணெய் எடுத்த சோயா மாவு, தப்பில்ல, ஆனா கதை வேற.

உப்பே இல்லாம புளிக்கிறது ரெண்டு. ஒண்ணு நாட்டோ, இன்னொண்ணு தெம்பே. நாட்டோ மாதிரியே நம்ம வடகிழக்குலயும் இருக்கு, சிக்கிம்ல கினேமா, நாகாலாந்துல அகுனி, மணிப்பூர்ல ஹவாய்ஜார், மேகாலயால துங்ரிம்பாய், எல்லாம் அதே வகை பாக்டீரியா வேலை. வாசனையும் நூல் நூலா வர்ற கொழகொழப்பும் பழகினவங்களுக்கு அமிர்தம். நான் மூணு தடவை முயற்சி பண்ணி தோத்துட்டேன். ஆனா முக்கியமான விஷயம் சொல்லிடறேன், நாட்டோல விட்டமின் கே ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க, வால்வு மாத்தினவங்கள்ல நிறைய பேர் அதுல இருப்பாங்க, நாட்டோவைத் தொடவே கூடாது, ஒரு தடவை சாப்பிட்டாக்கூட மாத்திரை வேலை செய்யாம போயிடும், நாட்டோ வகையில எதையும் தொடாதீங்க.

மிஞ்சினது தெம்பே. ஜாவாக்காரங்க கண்டுபிடிச்சது, பாக்டீரியா இல்ல, ரைசோபஸ்னு ஒரு வெள்ளைப் பூஞ்சை சோயாவை ஒண்ணோட ஒண்ணு பின்னி கேக் மாதிரி ஆக்கிடும். 100 கிராம்ல சோடியம் 10 மில்லிகிராம் பக்கம், ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். இங்க கேலாங் சிராய் மார்க்கெட்ல வாழை இலையில சுத்தினதே கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்லயும் இருக்கு, வந்த புதுசுல நான் அதைக் கெட்டுப் போன பன்னீர்னு நினைச்சு தாண்டிப் போவேன். ஊர்ல இருக்கிறவங்களுக்குப் பெரிய சிட்டியில ஃப்ரீசர்ல கிடைக்கும், விலை கேட்டா ஹார்ட் நிக்கும். அதனால வீட்டுலயே போடுங்க, இட்லி மாவு பொங்க வெச்ச கைக்கு இது ஒரு வேலையே இல்ல.

ஸ்டார்ட்டர், அதாவது அந்தப் பூஞ்சை இருக்கிற தூள், ஆன்லைன்ல கிடைக்குது, சின்னப் பாக்கெட், மாசக்கணக்கா வரும். இந்தோனேஷியா பாக்கெட்ல ராகி தெம்பேன்னு போட்டிருக்கும், அவங்க பாஷைல ராகின்னா புளிக்க வைக்கிற தூள். நான் முதல்ல கேழ்வரகு மாவுன்னு நினைச்சு, இதுக்கு எதுக்கு இவ்ளோ காசுன்னு வெச்சுட்டு வந்துட்டேன்.

அரை கிலோ சோயா பீன்ஸை ராத்திரி நிறைய தண்ணில ஊறப் போடுங்க, 12 மணி நேரம். காலைல தோல் எடுக்கணும், கறுப்பு உளுந்தை ஊற வெச்சு அம்மா எல்லாம் கழுவிக் கழுவி எடுப்பாங்களே அதே டெக்னிக், ரெண்டு கையாலயும் தேய்ங்க, பருப்பு ரெண்டா உடையும், தோல் மேல மிதக்கும், தண்ணியோட சாய்ச்சு விடுங்க, மறுபடி தண்ணி, மறுபடி தேய். 100 சதவீதம் போகணும்னு இல்ல, முக்கால்வாசிக்கு மேல போனா போதும், ஆனா தோல் நிறைய இருந்தா பூஞ்சை உள்ள புகாது. பொறுமை இல்லாதவங்க 20 நிமிஷம் வேக வெச்சுட்டு தேய்ங்க, சுலபமா வரும்.

அப்புறம் திறந்த பாத்திரத்துல 45 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம் வேக வைங்க. குக்கர் வேண்டாம், சோயா நுரை பொங்கி வால்வை அடைச்சுடும். வரும் நுரையைக் கரண்டியால வழிச்சுப் போடுங்க. கடைசி பத்து நிமிஷத்துல மூணு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊத்தணும், இதை விட்டுடாதீங்க, அந்தப் புளிப்புலதான் வேண்டாத பாக்டீரியா அடங்கும், நமக்கு வேண்டிய பூஞ்சை வளரும். விரல்ல நசுக்கினா நசுங்கணும், குழையக் கூடாது.

இப்ப வர்றதுதான் நிஜமான வேலை, காய வைக்கிறது. வடிச்சுட்டு ஒரு சுத்தமான பழைய வேட்டித் துணில பரப்பி ஃபேனுக்கு அடியில போடுங்க, அப்பப்ப புரட்டுங்க, பருப்பைத் தொட்டா கையில ஈரம் ஒட்டக் கூடாது. என் முதல் பேட்ச்ல இந்தப் பொறுமை இல்ல, ஈரத்தோடயே கட்டி வெச்சேன், மறுநாள் கொழகொழன்னு, மூட்டுக்குப் போடுற தைலம் மாதிரி ஒரு நாத்தம், வீட்டுக்காரர் கதவைத் திறந்துட்டு அப்படியே வெளிய போயிட்டார்.

பருப்பு கை பொறுக்கிற சூட்டுக்கும் கீழ, வெதுவெதுன்னு வந்த பிறகுதான் ஸ்டார்ட்டர், சூடா இருக்கும்போது போட்டா பூஞ்சை செத்துடும். அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும், பாக்கெட்ல வேற அளவு சொல்லியிருந்தா அதைக் கேளுங்க. காஞ்ச கரண்டியால ரெண்டு நிமிஷம் நல்லா கலக்குங்க. ஜிப்லாக் கவர்ல ஊசியால ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை, ரெண்டு பக்கமும். இட்லி மாவை மூடி வெச்சா அது பாட்டுக்குப் பொங்கும், ஆனா இது பூஞ்சை, மூச்சு விடணும், காத்து இல்லன்னா செத்துடும், காத்து ரொம்ப அதிகமானா கறுத்துடும். ரெண்டு விரல் கனத்துக்குத் தட்டையா அமுக்கி வைங்க. வாழை இலைல கட்டினா வாசனை அலாதி.

30லேருந்து 32 டிகிரி வேணும். சென்னை, மதுரைக்காரங்களுக்கு வருஷத்துல பாதி நாள் சமையல்கட்டு மேடையே போதும், இங்க எனக்கு 12 மாசமும் அப்படித்தான். ஊட்டி, பெங்களூர்ல இருக்கிறவங்க ஆஃப் பண்ணின ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வைங்க, இல்லன்னா ஒரு தெர்மாக்கோல் பெட்டில சுடுதண்ணி பாட்டிலோட. கம்பி ஸ்டாண்டு மேல வைங்க, அடிலயும் காத்து போகணும். 12, 14 மணி நேரம் ஒண்ணும் தெரியாது, ஏமாந்துட்டோமோன்னு இருக்கும், அப்புறம் அது தானா சூடாகும், கவர்ல வேர்க்கும், அப்ப லைட்டையும் பாட்டிலையும் எடுத்துடுங்க, இல்லன்னா சொந்தச் சூட்டுலயே வெந்துடும். 24லேருந்து 36 மணி நேரத்துல வெள்ளை வெளேர்னு போர்வை போத்தின மாதிரி ஆகி, ஒரு மூலையைப் பிடிச்சுத் தூக்கினா முழுசா பலகை மாதிரி வரும், காளான் வாசனை அடிக்கும். ஆயிடுச்சு.

ஓட்டைக்குப் பக்கத்துல சாம்பல், கறுப்புப் புள்ளி இருந்தா பயப்படாதீங்க, அது கொஞ்சம் முத்தினது, அவ்ளோதான். ரோஸ், பச்சை, ஆரஞ்சு கலர், பிசுபிசுப்பு, அழுகின நாத்தம், இதுல எது வந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்க, அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு சாப்பிடுற சிக்கனம் இங்க வேண்டாம். இன்னொண்ணு, நம்ம ஆளுங்க எதுல வேணாலும் தேங்கா சேப்போம், இதைப் புளிக்க வைக்கும்போது மட்டும் தேங்காப் பூ, தேங்காப் புண்ணாக்கு எதுவும் சேக்காதீங்க. ஜாவால தேங்காப் புண்ணாக்குல போடுற தெம்பே போங்க்ரெக்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல வேற ஒரு பாக்டீரியா புகுந்து கொடிய விஷம் உண்டாக்கி நிறைய பேர் செத்து, 1988ல அரசாங்கமே தடை பண்ணிடுச்சு. சமைக்கும்போது தேங்கா சேக்கலாம், அது வேற.

ஆனதும் 15 நிமிஷம் இட்லிப் பானைல ஆவில வேக வெச்சு, ஆறினதும் துண்டு போட்டு ஃப்ரீசர்ல வைங்க, மூணு மாசம் நிக்கும். ஆவில வெச்சா லேசான கசப்பும் போயிடும். பச்சையா சாப்பிட வேண்டாம்.

இங்க கடைல தெம்பேவை எண்ணெய்ல முக்கிப் பொரிச்சு, இனிப்பு சோயா சாஸ் ஊத்தி, இல்லன்னா சாயுர் லோடேன்னு தேங்காப் பால்ல கொதிக்க வெச்சு தருவாங்க, ருசிக்குக் குறை இல்ல, ஆனா நாம எதுக்கு இதுல இறங்கினோமோ அதுவே போயிடுது. எனக்குப் பிடிச்சது சுறா புட்டு மாதிரி செய்றது. ஆவில வெந்த தெம்பேவைக் கையால உதுத்து, ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய்ல சோம்பு, கறிவேப்பிலை, நிறைய பூண்டு, நிறைய சின்ன வெங்காயம், பச்சை மிளகா, இஞ்சி வதக்கி, மஞ்சத்தூள் போட்டு, உதுத்ததைக் கொட்டி சின்ன தீயில பத்து நிமிஷம் பிரட்டுங்க, கடைசில மிளகுத்தூள், எலுமிச்சை. எலுமிச்சை இருந்தா உப்பு பாதி போதும். என் மாமியாருக்கு சொல்லாம போட்டேன், "மீன் எங்க வாங்கின, முள்ளே இல்ல"ன்னாங்க. புளிக்குழம்புல கத்திரிக்காயோட துண்டு போட்டாலும் குழம்பை நல்லா உறிஞ்சிக்கும். அவசரத்துக்கு மிளகாத்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு தடவி தோசைக்கல்லுல மீன் வறுவல் மாதிரி ரெண்டு பக்கமும் சிவக்க விட்டா முடிஞ்சுது.

அளவு, நான் வாரத்துல நாலு நாள், தடவைக்கு 80லேருந்து 100 கிராம். முதல் வாரம் கொஞ்சமா ஆரம்பிங்க, வயிறு பழகட்டும், முழு சோயா அளவுக்கு கேஸ் வராது, இருந்தாலும். ஐசோஃப்ளேவோன் மாத்திரைன்னு டப்பால விக்கிறாங்க, அதை வாங்காதீங்க, ஹார்ட்டுக்காக அதை சாப்பிட வேண்டாம்னு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2006லயே சொல்லிடுச்சு.

தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, நம்மள்ல எத்தனை பேர் அது, காலைல வெறும் வயித்துல மாத்திரை, சோயாவுக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க, மாத்திரையை உடம்பு எடுக்க விடாம சோயா கொஞ்சம் தடுக்கும். மதியமோ ராத்திரியோ சாப்பிட்டா பிரச்சினையே இல்ல. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவங்க சாப்பாடா சோயா சாப்பிடுறது ஆபத்து இல்லன்னுதான் இப்ப சொல்றாங்க, ஆனாலும் உங்க கேன்சர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. சோயா அலர்ஜி, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்களும் அப்படியே.

மூணு மாசம் கழிச்சு லிப்பிட் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. எனக்கு நாலு மாசத்துல 4.0 போய் 3.6 ஆச்சு, ஆனா நான் அப்பவே நடக்கவும் ஆரம்பிச்சுட்டேன், ஞாயித்துக்கிழமை மட்டனையும் மாசம் ஒரு தடவைன்னு ஆக்கிட்டேன், அதனால இதுல தெம்பேயோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல எனக்குத் தெரியாது. டாக்டர் அதுக்கப்புறமும் சின்ன டோஸ் ஸ்டேட்டின் எழுதினாங்க, அப்பாவுக்கு 54 வயசுல அட்டாக் வந்ததால. சாப்பிடுறேன். ஆமா, நம்ம பொம்பளைங்களுக்கு அட்டாக் வரும்போது எப்பவும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயறது மட்டும் இல்ல, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கல், காரணமே இல்லாத அசதி, இப்படியும் வரும், கேஸ்னு சோடா குடிச்சுட்டு படுத்துடாதீங்க.

கொண்டைக்கடலைல, பச்சைப்பயறுல போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், அதே ஸ்டார்ட்டர், அதே முறை, கடலை தோல் எடுக்கத்தான் இன்னும் படுத்தும். ஐசோஃப்ளேவோன் மட்டும் அதுல சொல்லிக்கிற மாதிரி இருக்காது, புரோட்டீனும் கம்மி. நான் இப்ப பாதி சோயா பாதி கடலைன்னு ஒரு கவர் கட்டி வெச்சிருக்கேன், 18 மணி நேரம் ஆச்சு, தொட்டா சூடா இருக்கு.